எத்தனை பேரைச் சாய்ச்சே?

பிளம் க்ரீக் கல்லூரியின் விளையாட்டுக் கட்டடத்தில், மாடிக் கோடியில் இருந்த ஒரு கதவின் மேல் 'ஃபுல்பேக்' என்று எழுதிய பித்தளைத் தகடு ஒன்று இருந்தது. என் கடைசி வருட ஆகஸ்டில் நான் திரும்பி வந்தபோது தகடு இல்லை, நான்கு திருகாணித் துளைகள்தான் இருந்தன. கதவைத் திறந்தால் உள்ளே புரதப் பொடி டப்பாக்கள் கூரை வரை அடுக்கியிருந்தன. வெனிலா இந்தப் பக்கம், சாக்லேட் அந்தப் பக்கம் என்று தாள்கூட ஒட்டியிருந்தார்கள். டப்பாக்களுக்கு இடம் சொல்ல நேரம் இருந்தது. எனக்குச் சொல்லத்தான் யாருக்கும் நேரம் இல்லை.

ஃபுல்பேக் என்றால் யார் என்று எங்கள் நெப்ராஸ்கா பக்கத்தில் முன்பெல்லாம் சொல்ல வேண்டியதே இல்லை. இப்போது சொல்ல வேண்டியிருக்கிறது. பந்தை அணைத்துக்கொண்டு ஓடுகிறவனுக்கு முன்னால் ஓடி, வழியில் நிற்கிற முதல் ஆளை இடித்துத் தள்ளுகிறவன். அவ்வளவுதான் அவன் வேலை. பந்து பின்னால் வருகிறவன் கையில் இருக்கும், கைதட்டலும் அவனுக்குத்தான் போகும். மூன்று வருடம் பழைய கோச் லிண்டிடம் நான் அப்படி இடித்தேன். அவருடைய ஆட்டத்தில் ஒளிவுமறைவே கிடையாது. எந்தப் பக்கம் வரப்போகிறோம் என்று எதிரிக்குத் தெரியும், படிக்கட்டில் பொரி விற்கிறவனுக்கும் தெரியும். முடிந்தால் நிறுத்திப் பார் என்று அதே பக்கம் வருவோம். மூன்று கஜம் கிடைக்கும், அடுத்த முறை நான்கு. அந்த மூன்று வருடத்தில் பந்து ஒரு தடவைகூட என் கைக்கு வரவில்லை. அதைப் பற்றி எனக்கு வருத்தமும் இருந்ததில்லை.

ஏனென்றால் எனக்கு அப்பா இருந்தார். மிலோ டோலெஷல், எண்ணூறு ஏக்கர் சோளமும் சோயாவும் போட்டுக்கொண்டு தனியாளாய் இருக்கிறவர். அம்மா எனக்குப் பதினாலு வயதிருக்கும்போதே ஓமஹாவுக்குப் போய் வேறு குடும்பம் அமைத்துக்கொண்டாள். ஆட்டம் நடக்கிற சனிக்கிழமைகள் எல்லாம் அறுவடைக் காலம், அப்பாவால் வர முடியாது. அறுவடை எந்திரத்தின் கண்ணாடிக் கூண்டில் உட்கார்ந்து ரேடியோவில் கேட்பார். ரேடியோக்காரன் பந்தைத்தான் சொல்வான், முன்னால் போய் இடிக்கிறவன் பெயரை எவன் சொல்கிறான்? மூன்று வருடத்தில் டோலெஷல் என்கிற பெயரை அப்பா அதில் ஒருமுறைகூடக் கேட்டதில்லை. ஆனால் ஆட்டம் முடிந்ததும் போன் போடுவார். ஜெயித்தோமா, தோற்றோமா என்று கேட்க மாட்டார், அது ரேடியோவிலேயே தெரிந்துவிடும்.

"எத்தனை பேரைச் சாய்ச்சே?"

"ஒம்பது."

"சுத்தமா ஒம்பதா?"

"ஒருத்தன் மண்டி போட்டான். கீழ விழல. அவனைச் சேத்தா பத்து."

"அவனைச் சேக்காத."

இவ்வளவுதான் எங்கள் பேச்சு. இதில் நான் ஒரு எண்ணைக்கூடக் கூட்டிச் சொன்னதில்லை. கூட்டிச் சொன்னால் அவருக்குத் தெரிந்துவிடும் என்று நம்பினேன்.

பிறகு லிண்ட் இரண்டு முட்டியையும் மாற்றிக்கொண்டு ஓய்வில் போனார். டெக்ஸாஸிலிருந்து கோச் பேக்ஸ்டர் வந்தார். ஒல்லி ஆள், எப்போதும் சூயிங்கம் மெல்லுவார். "இடிக்காத, ஏமாத்து" என்பதுதான் அவர் பாடம். மைதானத்தின் அகலம் முழுக்க ஆட்களைப் பரத்தி நிறுத்துவார். ஆட்டத்தை நடத்துகிற குவார்ட்டர்பேக் ஐந்து கஜம் பின்னால் நிற்பான். எதிரி இங்கே பார்க்கும்போது பந்து அங்கே பறக்கும். ஓக்லி என்று அரிசோனாப் பையன் ஒருவனைக் குவார்ட்டர்பேக்காகக் கூட்டிவந்திருந்தார். தலைமுடி கலையாமல் ஆட்டத்தை முடிக்கிற பையன். அந்த ஏற்பாட்டில் ஃபுல்பேக் நிற்க இடமே இல்லை. எனக்கு எரிச்சல் என்னவென்றால், அது பலித்தது. ஒன்பது ஆட்டத்தில் ஏழு ஜெயித்தோம். தோற்றிருந்தாலாவது நான் சந்தோஷமாகத் திட்டியிருப்பேன்.

கூட்டம் நடக்கும்போது ஒவ்வொரு வகை ஆட்டக்காரனுக்கும் ஒரு அறை உண்டு. எனக்கு அறை இல்லாததால், ஓரத்தில் ஓடிப் பந்தைப் பிடிக்கிற ஓர ஆட்டக்காரர்கள் அறைக்குப் போகச் சொன்னார்கள். அங்கே நாற்காலி ஒன்று குறைவு. அறையைச் சூடாக்குகிற ரேடியேட்டர் மேல் உட்கார்ந்து, எனக்குச் சம்பந்தமில்லாத படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வியாழக்கிழமைகளில் முன்வரிசைத் தடியன்களோடு சேர்ந்து மிளகாய்க் கறிச்சாறும் இலவங்கப்பட்டை ரொட்டியும் சாப்பிடுவது ஃபுல்பேக்கின் உரிமை. அதற்கும் இரண்டு வாரம் போனேன். எல்லாரும் புது ஆட்டத்தின் சங்கேத வார்த்தைகளில் பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். மூன்றாவது வாரம் போகவில்லை. ஏன் வரவில்லை என்று ஒருவனாவது கேட்பான் என்று காத்திருந்தேன். யாரும் கேட்கவில்லை.

சனிக்கிழமைகளில் அப்பா போன் போடுவது நிற்கவில்லை.

"எத்தனை பேரைச் சாய்ச்சே?"

"இன்னிக்கு எறங்கலப்பா."

"ம்."

அடுத்த வாரமும் அதேதான். அதற்கடுத்த வாரம் அவர் கேள்வியையே மாற்றிவிட்டார். "சாப்பிட்டியா?" என்றார். சாப்பிட்டேன் என்றேன். போனை வைத்த பிறகு விடுதி அறையில் உட்கார்ந்து அழுதேன், அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. என்னை ஆட்டத்திலிருந்து எடுத்ததைவிட அந்தக் கேள்வியை எடுத்ததுதான் வலித்தது.

கடைசி ஆட்டம் அன்ஸ்கர் கல்லூரியோடு. அவர்கள் இன்னும் பழைய மாதிரிதான் ஆடுவார்கள். ஃபுல்பேக் முன்னால், ஓடுகிறவன் பின்னால், முடிந்தால் நிறுத்திப் பார். அதனால் அந்த வாரம் பேக்ஸ்டருக்குத் திடீரென்று நான் ஞாபகத்துக்கு வந்தேன். பயிற்சியில் நம் தடுப்பாட்டக்காரர்களுக்கு முன்னால் யாராவது அன்ஸ்கர் ஃபுல்பேக்காக ஆட வேண்டுமே. எதிரியின் பச்சை நிறத்தில் ஒரு சட்டையைக் கொடுத்தார்கள். எனக்குச் சிறியது, அக்குளில் கிழிந்திருந்தது. நான்கு வருடமாகச் சோறு போட்ட கல்லூரியில் எனக்கு வேலை கிடைத்தது எதிரி வேஷத்தில்தான்.

செவ்வாய்க்கிழமைப் பயிற்சியில் முதல் மோதலிலேயே எங்கள் நடுத்தடுப்புக்காரன் மல்லாந்தான். இரண்டாவதில் அவனுக்குப் பக்கத்தில் நிற்பவன். பேக்ஸ்டர் விசிலை ஊதிக்கொண்டே ஓடிவந்தார்.

"டேய், டேய்! சனிக்கிழமை அவன் எனக்கு வேணும்டா! கொஞ்சம் மெதுவா இடி!"

"மெதுவா இடிக்கத் தெரியாது கோச்."

"இடிக்கிற மாதிரி காட்டு, போதும்."

"அதுவும் தெரியாது."

பையன்கள் சிரித்தார்கள். பேக்ஸ்டர் சிரிக்கவில்லை. சூயிங்கம் மெல்லுவதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வியாழக்கிழமை பயிற்சி முடிந்ததும் என்னைக் கூப்பிட்டார். பந்தோடு எதிரியின் கடைசிக் கோட்டைத் தாண்டினால் டச்டவுன், ஆறு புள்ளி. அந்தக் கோட்டுக்கு ஒரே ஒரு கஜம் பாக்கி இருக்கிற நிலைமைக்கு என்று ஒரு ஆட்டம் வைத்திருக்கிறாராம். ஓக்லி பந்தை வாங்கித் திரும்பி நேராக என் வயிற்றில் வைப்பான், நான் நடுவில் புகுந்து போக வேண்டும்.

"பந்து எனக்கா?" என்றேன்.

"உனக்குத்தான். உன்ன வச்சுத்தான் அந்த ஆட்டமே."

அன்று எட்டு தடவை செய்து பார்த்தோம். எட்டு தடவையும் ஓக்லி பந்தை என் வயிற்றில் வைத்தான். எட்டு தடவையும் நான் வாங்கிக்கொண்டு போனேன். அந்தப் பந்துத் தோலின் சொரசொரப்பு விடுதிக்குப் போன பிறகும் உள்ளங்கையில் இருந்தது. உடனே அப்பாவுக்குப் போன் போட்டேன்.

"சனிக்கிழமை வர முடியுமாப்பா?"

"காத்துல சோளம் பூரா சாஞ்சு கெடக்கு. ஞாயித்துக்கிழமை பனி விழுமாம். எப்படிடா வர?"

"சரி. ரேடியோவ மட்டும் அணைச்சிடாதீங்க. என் பேரச் சொல்லலாம்."

"உன் பேரையா?" என்றார். "அவனுக்கு அதைச் சரியாச் சொல்ல வருமா?"

சனிக்கிழமை ஐம்பத்தொன்பது நிமிடம் நான் கோட்டுக்கு வெளியே நின்றேன். குளிரில் கால் மரத்துப்போய்விட்டது. நான்கு புள்ளி பின்தங்கியிருந்தோம். ஓக்லி அங்கே இங்கே வீசி அணியை மைதானத்தின் அந்தக் கோடி வரை கொண்டுபோய்விட்டான். கடைசி நாற்பது விநாடி, கடைசி வாய்ப்பு, ஒரு கஜம் பாக்கி. பேக்ஸ்டர் திரும்பிப் பார்த்து, "டோலெஷல், போ!" என்றார்.

ஓடினேன். எதிரே அன்ஸ்கர்காரர்கள் என்னைப் பார்த்தார்கள். இத்தனை நேரம் எந்தப் பக்கம் பார்ப்பது என்று தெரியாமல் திணறியவர்கள், ஒரு ஃபுல்பேக்கைக் கண்டதும் வீடு வந்து சேர்ந்த மாதிரி ஆனார்கள். தினமும் பயிற்சியில் பார்க்கிற உருவம் அல்லவா. "இவன்தான்! இவன்கிட்டதான்!" என்று நடுவில் நின்றவன் கத்தினான். கத்தட்டும், லிண்ட் காலத்திலும் கத்தினார்கள். முடிந்தால் நிறுத்து என்று நான் குனிந்தேன்.

பந்து ஓக்லி கைக்கு வந்தது. திரும்பினான். என் வயிற்றில் பந்து அழுந்தியது. தோலும் தெரிந்தது, தையலும் தெரிந்தது. ஃபுல்பேக் பந்தைப் பிடுங்கக் கூடாது, மெதுவாகக் கையை மூட வேண்டும். அப்படித்தான் மூடினேன். தலையைத் தாழ்த்தி இடித்தேன். முதல் ஆள் சாய்ந்தான். இரண்டாவது ஆள் தோளில் ஏறினான். மூன்றாவது ஆள் இடுப்பைப் பிடித்தான். மூன்று பேரையும் இழுத்துக்கொண்டு கோட்டைத் தாண்டி விழுந்தேன். தாண்டிவிட்டேன் என்று நன்றாகத் தெரிந்தது. வெள்ளைக் கோடு என் முகத்துக்குக் கீழே போனதைப் பார்த்தேன்.

அப்புறம்தான் கைகளுக்குள் ஒன்றும் இல்லை என்று தெரிந்தது.

என் நெஞ்சை நானே கட்டிப்பிடித்துக்கொண்டு கிடந்தேன். பந்தைத் தவறவிட்டுவிட்டேன். நான்கு வருடத்தில் ஒரே ஒரு தடவை கொடுத்தார்கள், அதையும் தவறவிட்டுவிட்டேன். மூன்று பேர் பாரத்துக்கு அடியில் புல்லையும் மண்ணையும் துழாவினேன். யாருடைய கால் என்று தெரியாமல் கால்களைத் துழாவினேன். என் மேல் கிடந்த அன்ஸ்கர்காரனும் என் வயிற்றுப் பக்கம் துழாவிக்கொண்டிருந்தான்.

"எங்கடா பந்து?" என்றான் அவன்.

"உன்கிட்ட இல்லையா?" என்றேன்.

"என்கிட்ட ஏதுடா! நீதானே வச்சிருந்த?"

மேலே அரங்கம் இரைந்தது. எங்கள் ஆட்கள் இரைகிறார்களா, அவர்கள் ஆட்களா என்று அடியில் கிடப்பவனுக்குத் தெரியாது. ஒவ்வொருவராக எழுந்தபோதுதான் பார்த்தேன். இருபது கஜம் தள்ளி, மைதான மூலையில், எங்கள் ஓர ஆட்டக்காரன் ஸ்டிக்னி பந்தைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றான். அவன் பக்கத்தில் ஒரு எதிரிகூட இல்லை. என் வயிற்றில் வைத்த பந்தை உருவிக்கொண்டு போய் ஓக்லி அவனுக்கு வீசியிருக்கிறான். மொத்த அணியும் ஸ்டிக்னியை நோக்கி ஓடியது. நாங்கள் ஜெயித்துவிட்டோம். நானும் அந்த அன்ஸ்கர்காரனும் மட்டும் அங்கேயே மண்டி போட்டு உட்கார்ந்திருந்தோம்.

உடை மாற்றும் அறையில் பேக்ஸ்டர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"கோபமா?"

"யாருக்கெல்லாம் தெரியும்?"

"எல்லாருக்கும்."

"பத்து பேருக்குமா?"

"உனக்குச் சொல்லியிருந்தா பந்து இல்லாதவன் மாதிரியே ஓடியிருப்ப. நடிக்கத் தெரியாதுன்னு நீயேதான்டா சொன்ன." என் முட்டியில் தட்டினார். "இந்த ஆட்டத்த ஜெயிச்சுக் கொடுத்ததே நீதான்."

அவர் சொன்னது பொய் இல்லை, அதுதான் கொடுமை. வியாழக்கிழமை எட்டு தடவையும் என்னைச் சுற்றி நின்ற பத்து பேரும் அதைத் தெரிந்துகொண்டே நின்றிருக்கிறார்கள். இரண்டு வருடம் அறைத் தோழனாக இருந்தவனும் அதில் ஒருவன். அவன் என் பக்கமே திரும்பாமல் ஷூ நாடாவைக் கழற்றிக்கொண்டிருந்தான்.

பேருந்து நிறுத்தும் இடத்துக்கு வந்தபோது போன் அடித்தது. அப்பா. பின்னால் எந்திரம் உறுமிக்கொண்டிருந்தது.

"உன் பேரச் சொன்னான்டா."

"கேட்டீங்களா?"

"கேட்டேன். 'டோலெஷல்! டோலெஷல் டச்டவுன்!'னு கத்தினான். பேரக்கூட சரியாத்தான் சொன்னான்."

அதற்கு மேல் அவர் சொல்வார் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை. ரேடியோக்காரனும் ஏமாந்து கத்தியிருக்கிறான் என்று புரிந்தது. அதற்குப் பிறகு திருத்தியதை எந்திரச் சத்தத்தில் அப்பா கேட்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

"பந்து உன் கையிலதான இருந்துச்சு?" என்றார்.

இல்லை என்று சொல்ல ஒரு வார்த்தை போதும். ஆனால் கண்ணாடிக் கூண்டுக்குள் தனியாக உட்கார்ந்து, நான்கு வருடம் கழித்துத் தன் பெயரைக் கேட்ட ஒரு மனிதர் என் கண்ணுக்குள் வந்துவிட்டார்.

"ஆமாப்பா," என்றேன். "கையிலதான் இருந்துச்சு."

எந்திரம் உறுமிக்கொண்டே இருந்தது.

"சரி. நல்லது," என்றார். "சோளம் கெடக்கு. வச்சிடறேன்."

அன்று அவர் எண்ணிக்கை கேட்கவில்லை. பந்து வைத்திருப்பவனிடம் அதைக் கேட்பதில்லை.

ஞாயிறு பத்திரிகையில் ஸ்டிக்னி படம் அரைப் பக்கத்துக்கு வந்தது. எங்கள் ஊர் கூட்டுறவுப் பெட்ரோல் பங்கில் காலைக் காபிக்கு உட்காருகிற கிழவர்கள் எழுத்தெழுத்தாகப் படிக்கிற பத்திரிகை. அப்பா அங்கே போய் என் மகன் போட்ட டச்டவுன் என்று சொல்லியிருப்பார், அவர்கள் சிரித்திருப்பார்கள். நினைக்க நினைக்க உடம்பு கூசியது. போன் போட்டு உண்மையைச் சொல்லலாம் என்று பலமுறை கையில் எடுத்தேன். எடுத்துவிட்டு வைத்தேன்.

நன்றி நாள் விடுமுறைக்கு முந்தைய புதன்கிழமை மத்தியானம் ஊருக்குக் கிளம்பினேன். கூட்டுறவு பங்கில் டீசல் போட்டுக்கொண்டிருந்தபோது விர்ஜில் கோனிக் காபிக் கோப்பையோடு வெளியே வந்தார். எங்கள் நிலத்துக்கு அடுத்த நிலம் அவருடையது.

"வாடா தம்பி! உங்க அப்பா எங்களை உயிரோட விடல. ஞாயித்துக்கிழமை இந்த மேசையில இருந்த பால் டப்பா பூரா எடுத்துப் பரப்பி, உன் ஆட்டத்த மூணு தடவ போட்டுக் காட்டிட்டாரு."

"என்ன காட்டினாரு?"

"'இதோ எம் பையன். இந்த நாலு டப்பாவும் அவன் மேல. பாத்தியா, இந்த மூலையில ஒருத்தன்கூட இல்ல. அங்க எங்க பாட்டியம்மாவே நின்னிருந்தாலும் பந்தப் புடிச்சிருப்பா'ன்னாரு. சக்கரைப் பொட்டலம் ஸ்டிக்னியாம்!"

"அவருக்கு எப்பத் தெரியும்?"

"எப்பன்னா? ரேடியோவுல அடுத்த மூச்சுலயே மாத்திச் சொல்லிட்டானேடா, டோலெஷல்கிட்ட பந்தே இல்லன்னு. உடனே எனக்கு போன் போட்டாரு உங்க அப்பா. 'விர்ஜில், கேட்டியா, நாலு பேர இழுத்துக்கிட்டுப் போயிட்டான்யா'ன்னு ஒரே சத்தம். 'வை போன, பையன்கிட்ட கேக்கணும்'னு வச்சாரு."

டீசல் நிரம்பி வழிந்து ஷூவை நனைத்தது. விர்ஜில்தான் கத்தி நிறுத்தச் சொன்னார்.

பந்தைப் பற்றி அப்பாவுக்கு என்றைக்குமே கவலை இருந்ததில்லை. அவர் கேட்க வந்தது ஒரே ஒரு கேள்வி. அந்தக் கேள்விக்காகத்தான் மூன்று மாதம் அவர் காத்திருந்தார், நானும் காத்திருந்தேன். அது என் வாசலுக்கே வந்தபோது, பந்து என் கையில் இருந்தது என்று சொல்லி நானே கதவைச் சாத்திவிட்டேன். நான்கு வருடத்தில் நான் நடித்த ஒரே தடவை அதுதான். அதையும் என்னைப் பார்க்கத் தெரிந்த ஒரே மனிதரிடம் நடித்திருக்கிறேன்.

வீட்டுக்குப் போனபோது அவர் கொட்டகையில், அறுவடை எந்திரத்துக்கு அடியில் மல்லாந்து படுத்து உமியைச் சுரண்டிக்கொண்டிருந்தார். பூட்ஸ் கால்கள் மட்டும் வெளியே தெரிந்தன.

"வந்துட்டியா? அந்தத் துணிய எடு."

எடுத்துக் கொடுத்தேன். கை வந்து வாங்கிக்கொண்டு உள்ளே போனது. சுரண்டுகிற சத்தம் தொடர்ந்தது. கேட்க மாட்டாரா என்று நின்றேன். அவர் கேட்க மாட்டார். நான் சொன்ன பொய்யை எனக்காகக் காப்பாற்றிக்கொண்டிருந்தார். செத்தாலும் அதைப் பற்றி வாய் திறக்க மாட்டார் என்று அந்த பூட்ஸ் கால்களைப் பார்த்தபோதே தெரிந்தது.

"அப்பா," என்றேன். "பந்து என்கிட்ட இல்ல."

சுரண்டுவது நின்றது.

"தெரியும்," என்றார் உள்ளிருந்தே. இரும்பில் பட்டு வந்த குரல். வெளியே வரவில்லை. நானும் குனியவில்லை. கொட்டகைத் தகரத்தில் பனி சரசரவென்று விழுந்துகொண்டிருந்தது.

"நாலு பேருன்னான் ரேடியோவுல," என்றார்.

"மூணு பேர்தான்ப்பா. நாலாவது ஆள் அவனாத் தடுக்கி விழுந்தான்."

"அப்ப அவனைச் சேக்காத," என்றார். மறுபடி சுரண்ட ஆரம்பித்தார்.